மஞ்சள் ஃபோல்டர் திறக்காத லேப்டாப்: ஃபார்மட்டுக்கு முன்னால் பின்வாசலைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி இது: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. விண்டோஸ் 11 லேப்டாப். குரோம் திறக்கிறது, டாலி திறக்கிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது. டாஸ்க்பாரில் இருக்கும் மஞ்சள் ஃபோல்டரை அழுத்தினால் மட்டும் வெள்ளையாக ஒரு விண்டோ வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நின்றுவிடுகிறது. போன வாரம்தான் பட்டறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை மாற்றினார்கள். காரைக்குடியில் கடையில் காட்டியதற்கு ஃபார்மட் போடணும் என்றார்களாம். டிசைன் படங்களும் ஆர்டர் கணக்கும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

தம்பி, இப்போதைக்கு ஃபார்மட் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘பழைய கம்ப்யூட்டரை மாற்றினோம்’ என்ற வரிதான் இதில் முக்கியமானது. அந்த மஞ்சள் ஃபோல்டரின் பெயர் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். அது தானாகக் கெடுவது அபூர்வம். அது தொடப்போகும் இடம் ஏதாவது ஒன்று கெட்டிருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். அந்த இடம் பதில் சொல்லும்வரை எக்ஸ்ப்ளோரர் காத்து நிற்கிறது. அதைத்தான் நாம் ‘திறக்கவில்லை’ என்று பார்க்கிறோம்.

டாஸ்க்பார், டெஸ்க்டாப், ஃபோல்டர் விண்டோ மூன்றையும் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராம். உங்களுக்கு டாஸ்க்பார் ஒழுங்காக வருகிறது என்றால் அந்தப் புரோகிராம் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் ஃபோல்டரை அழுத்தியதும் அது முதலில் போவது ‘ஹோம்’ என்ற பக்கத்துக்கு. அங்கே நீங்கள் ‘பின்’ செய்து (அதாவது பட்டியலில் நிலையாகக் குத்தி) வைத்த ஃபோல்டர்கள், அண்மையில் திறந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்ட வேண்டும். அதில் ஒன்று பட்டறைக் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர், அதாவது நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டர், என்று வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை. எக்ஸ்ப்ளோரர் அதன் பழைய பெயரைச் சொல்லி நெட்வொர்க்கில் கூப்பிடுகிறது; யாரும் பதில் சொல்லவில்லை; மறுபடியும் கூப்பிடுகிறது.

நம்மூர்ப் பெரிய வீடுகளில் ஒரு தெருவில் முகப்பு இருக்கும், அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும். முகப்புக் கதவு இறுகிக்கொண்டால் யாரும் வீட்டை இடிப்பதில்லை, சுற்றிப்போய்ப் பின்வாசல் வழியாக உள்ளே போவார்கள். இங்கேயும் அதுதான் முதல் சோதனை.

இரண்டு நிமிட வேலை. முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டார்ட் டாஸ்க்’ கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்ப வரும், பயப்பட வேண்டாம். இப்போது மஞ்சள் ஃபோல்டரைத் தொடாமல், விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். ரன் பெட்டி வரும். அதில் சி என்ற எழுத்து, உடனே முக்காற்புள்ளி, உடனே பின்சாய்கோடு, பிறகு என்டர். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகச் சொல்கிறேன், அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்.) சி டிரைவ் திறந்துவிட்டால், முகப்பில்தான் கோளாறு, வீட்டுக்குள் இல்லை. இடது பக்கப் பட்டியலிலும் அதே பின்கள் இருப்பதால் சற்றுத் தயங்கித் திறக்கலாம். திறந்தால் போதும்.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவாகக் காட்டும். வைஃபையை அணையுங்கள், லேன் ஒயர் இருந்தால் பிடுங்குங்கள். எக்ஸ்ப்ளோரரை மறுபடி ரீஸ்டார்ட் செய்துவிட்டு மஞ்சள் ஃபோல்டரை அழுத்துங்கள். நெட்வொர்க்கே இல்லை என்று தெரிந்துவிட்டால் விண்டோஸ் காத்திருக்காது, ‘கிடைக்கவில்லை’ என்று உடனே விட்டுவிடும். வைஃபை இல்லாதபோது சட்டென்று திறந்து, வைஃபை வந்ததும் நிற்கிறது என்றால், காரணம் காணாமல்போன ஷேர்தான்.

அதை நீக்கும் வழி. ரன் பெட்டியில் ‘கன்ட்ரோல் ஃபோல்டர்ஸ்’ என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டு அடியுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பெட்டி வரும். மேலே ‘ஓப்பன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டு’ என்ற இடத்தில் ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பிசி’ ஆக்குங்கள். கீழே பிரைவசி பகுதியில் அண்மை ஃபைல்கள், அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்கள் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு, ‘கிளியர்’ பட்டனை அழுத்தி ஓகே கொடுங்கள்.

கிளியர் கொடுத்தாலும் நீங்கள் கையால் பின் செய்தவை போகாது, இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பின் பட்டியல் தனியாக ஒரு ஃபைலில் இருக்கிறது, அதன் பெயர் எஃப்01பி என்று தொடங்கும். ரன் பெட்டியில் ‘சிஎம்டி’ அடித்துக் கறுப்புத் திரையைத் திறந்து கொள்ளுங்கள். முதல் கட்டளை: சி, டி, இடைவெளி, சாய்கோடு, டி, இடைவெளி, பிறகு பர்சன்ட் குறி, ஆப்டேட்டா, பர்சன்ட் குறி, பின்சாய்கோடு, மைக்ரோசாஃப்ட், பின்சாய்கோடு, விண்டோஸ், பின்சாய்கோடு, ரீசென்ட், பின்சாய்கோடு, ஆட்டோமேட்டிக்டெஸ்டினேஷன்ஸ். கடைசிச் சொல் முழுவதும் ஒரே சொல். என்டர் கொடுத்ததும் வரியின் முனையில் அதே சொல் தெரிய வேண்டும். தெரிந்தால் இரண்டாவது கட்டளை: ‘டெல்’, இடைவெளி, எஃப்01பி, அதை ஒட்டி நட்சத்திரக் குறி. பல இடங்களில் வெறும் நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். முதல் கட்டளையில் ஒரு எழுத்து பிசகினால் நீங்கள் நிற்பது உங்கள் சொந்த ஃபோல்டராக இருக்கும், அங்கே உள்ள ஃபைல்கள் போய்விடும். எஃப்01பி போட்டால், இடம் தவறினாலும் பெரும்பாலும் ‘அப்படி ஃபைல் இல்லை’ என்பதோடு நின்றுவிடும்.

இதனால் உங்கள் படங்களுக்கோ கணக்குக்கோ ஒன்றும் ஆகாது. பின் செய்த குறிகள் மட்டும் போய், பட்டியல் புது லேப்டாப்பில் இருப்பதுபோல் ஆகும்.

அதே கறுப்புத் திரையில் ‘நெட் யூஸ்’ என்று அடியுங்கள். பழைய கம்ப்யூட்டரின் ஷேரை இசட் போன்ற ஓர் எழுத்துக்கு டிரைவாக இணைத்திருந்தால் இங்கே தெரியும். தெரிந்தால்: நெட், இடைவெளி, யூஸ், இடைவெளி, அந்த எழுத்தும் முக்காற்புள்ளியும், இடைவெளி, சாய்கோடு, டிலீட். பிறகு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் பண்ணுவது இதற்குச் சமம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது ஷட்டவுன் என்பது விண்டோஸின் அடிப்பகுதியைப் பாதித் தூக்கத்தில் வைக்கிறது, ரீஸ்டார்ட்தான் முழுதாக எழுப்புகிறது.

நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு இவ்வளவிலேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

தீரவில்லை என்றால், அல்லது இதே பிரச்சினை உள்ள வேறு யாராவது படித்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது விண்டோ தொங்குகிறதா, விழுகிறதா என்பது. இரண்டும் வேறு வேறு நோய். வெள்ளையாக நின்றுகொண்டே இருந்தால் தொங்கல்: எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. திறந்த மாத்திரத்தில் மறைந்து, டாஸ்க்பாரும் ஒரு முறை சிமிட்டினால் விழுதல்: உள்ளே புகுந்த ஏதோ ஒன்று எக்ஸ்ப்ளோரரைக் கவிழ்த்துவிடுகிறது. தொங்கலுக்கு நெட்வொர்க், டிஸ்க், பென்டிரைவ் பக்கம் தேடுங்கள். விழுதலுக்கு, வெளியிலிருந்து நிறுவிய மென்பொருள்கள் பக்கம்.

தொங்கலில் நெட்வொர்க் இல்லை என்று தெரிந்துவிட்டால், செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள்: பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், கேமரா கார்டு, சார்ஜுக்காகச் செருகிய ஃபோன்கூட. பாதி செத்த மெமரி கார்டு ஒன்று போதும், எக்ஸ்ப்ளோரரை முழுக்க நிறுத்திவைக்க.

அதுவும் இல்லை என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் டிஸ்க். ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற எண்ணைப் பாருங்கள். எஸ்எஸ்டியில் ஓரிரு மில்லிசெகண்டு, சுழலும் டிஸ்க்கில் பத்து இருபது என்பது சாதாரணம். ஒன்றுமே ஓடாதபோதும் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நின்று, இந்த எண் ஆயிரங்களில் ஏறினால் டிஸ்க் திணறுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ‘காஷன்’ என்று மஞ்சளாகக் காட்டுகிறதா பாருங்கள். சுழலும் டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகளின் ‘ரா வேல்யூஸ்’ கட்டத்தில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் கெட்ட இடங்கள் தோன்றிவிட்டன என்று பொருள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. சுழலும் டிஸ்க் உள்ள அந்தப் பழைய லேப்டாப்புகளில் இந்தச் சோதனையை முதலாவதாகவே செய்யலாம்.

டிஸ்க் திணறுகிறது என்றால் அந்த நிமிடமே பழுதுபார்ப்பதை நிறுத்துங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும், சாகப்போகும் டிஸ்க் அந்த உழைப்பில்தான் போகும். முதலில் நகல்.

எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் எப்படி நகல் எடுப்பது என்று திகைக்க வேண்டாம். வெளி டிஸ்க்கைச் செருகுங்கள், அது இ டிரைவாக வந்திருக்கிறது என்று கொள்வோம். கறுப்புத் திரையில்: ரோபோகாப்பி, இடைவெளி, மேற்கோள் குறிக்குள் பர்சன்ட் குறி, யூசர்ப்ரொஃபைல், பர்சன்ட் குறி, பின்சாய்கோடு, பிக்சர்ஸ், மேற்கோளை மூடி இடைவெளி, இ, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, பிக்சர்ஸ், இடைவெளி, சாய்கோடு இ, இடைவெளி, சாய்கோடு எக்ஸ்ஜே, இடைவெளி, சாய்கோடு ஆர் முக்காற்புள்ளி 1, இடைவெளி, சாய்கோடு டபிள்யூ முக்காற்புள்ளி 1. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை ரோபோகாப்பி 10 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 நொடி காத்து, திரும்பத் திரும்ப முயலும். அதன் இயல்பான அமைப்பே அதுதான். 1 போட்டால் ஒரு தடவை மட்டும் மறுமுயற்சி செய்து அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். பிக்சர்ஸ் முடிந்ததும் டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் என்று பெயரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ஒரு ஃபைல்கூட வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அந்த ஃபோல்டர்களைத் தனக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். யூசர்ப்ரொஃபைலுக்கு அடுத்து ஒன்டிரைவ் என்று ஒரு பின்சாய்கோட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டாலி கணக்கு பெரும்பாலும் இந்த மூன்றிலும் இருக்காது. டாலி உங்களுக்குத் திறப்பதால், டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதிலேயே பார்த்து, டாலியை மூடிவிட்டு அந்த ஃபோல்டரையும் இதே முறையில் எடுங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களால் எக்ஸ்ப்ளோரர் கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. தமிழ்ப் பெயரை விண்டோஸ் நன்றாகவே தாங்கும். ஆனால் நீளக் கணக்கு வேறு. ‘ஆத்தங்குடி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் விண்டோஸுக்கு அது 10. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வாடிக்கையாளர் பெயர், ஊர், டிசைன், அளவு என்று தமிழில் நீட்டி வைத்தால், வழக்கமான 260 எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். அப்போது எக்ஸ்ப்ளோரரில் நகல் எடுக்கும்போது ‘பெயர் நீளம்’ என்று மறுக்கும். ரோபோகாப்பிக்கு அந்தத் தடை இல்லை.

விண்டோஸே ஏறவில்லை என்றால் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமல் ‘ட்ரை உபுண்டு’ என்று ஓட்டி நகல் எடுக்கலாம். அரசு லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே போதும். உங்களுடையது விண்டோஸ் 11 என்பதால் ஓர் எச்சரிக்கை: டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது லினக்ஸிலிருந்து திறக்க 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பை இணைத்திருந்தால், ஃபோனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய் எடுக்கலாம். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

இனி விழுதல். விண்டோஸே குறிப்பு எழுதி வைத்திருக்கும், பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ரன் பெட்டியில் ‘பெர்ஃப்மான்’, இடைவெளி, சாய்கோடு, ரெல். நாள்வாரியாக ஒரு கட்டம் வரும். பிரச்சினை நடந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தி, ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற வரியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ரார்எக்ஸ்ட் என்று இருந்தால் வின்ரார். ஐஜிடி என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர், என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா. அவற்றை நீக்கி, நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். என்டிடிஎல்எல் என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. அது விண்டோஸின் அடித்தளம், யார் தள்ளிவிட்டாலும் கடைசியில் விழுவது அதன்மேல்தான்.

ஃபால்ட் மாட்யூல் தெரியாதபோது ஷெல்எக்ஸ்வியூ என்ற நிர்சாஃப்ட் கருவி உதவும். ரைட் கிளிக் மெனுவிலும் படச் சிறுதோற்றங்களிலும் தன்னைச் சொருகிக்கொள்ளும் வெளித் துணுக்குகளை அது பட்டியலிடும். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் துணுக்குகளை மறைத்துவிட்டு, மிச்சம் உள்ள எல்லாவற்றையும் டிசேபிள் செய்து எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்துவிட்டால், பாதியை எனேபிள் செய்து பாருங்கள். மறுபடி விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் 30 துணுக்குகள் இருந்தாலும் ஐந்தாவது சுற்றில் அகப்பட்டுவிடும். டாஸ்க்பாரைப் பழைய விண்டோஸ் தோற்றத்துக்கு மாற்றும் கருவி ஏதாவது போட்டிருந்தால் இதற்கெல்லாம் முன் அதை நீக்குங்கள். விண்டோஸ் அப்டேட் வரும்போது அவை முறுக்கிக்கொள்வது வழக்கம்.

எல்லா ஃபோல்டரும் திறந்து ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் விழுந்தால், அதற்குள் கெட்ட வீடியோவோ படமோ இருக்கிறது. அதன் சிறுதோற்றத்தை வரையப்போய்த்தான் விழுகிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதியில் ‘ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்’ டிக் செய்தால் உள்ளே போய்விடலாம். டிசைன் படங்களை நூற்றுக்கணக்கில் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட்டில் சிஎம்டி தேடி, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, முதலில்: டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப்-இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரெஸ்டோர்ஹெல்த். இதற்கு இன்டர்நெட் வேண்டும். 62.3 சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்பது இதன் பழக்கம், மூடிவிடாதீர்கள். அது முடிந்த பிறகு: எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். வரிசை முக்கியம், முதலாவது மாற்றுச் சாமான் கிடங்கைச் சரிசெய்கிறது, இரண்டாவது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துத்தான் கெட்டதை மாற்றுகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள நாளில் இதைத் தொடங்காதீர்கள், பேட்டரி நிறைந்து சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

அப்போதும் இல்லையென்றால் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் இன்னொரு பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே திறந்தால் விண்டோஸ் நலம், உங்கள் பயனர் கணக்குதான் கெட்டது. ஃபைல்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. அங்கேயும் திறக்காவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (நிறுவுவதற்கான முழு ஃபைல்) இறக்கி, அதற்குள் இருக்கும் செட்டப்பை விண்டோஸ் ஓடும்போதே இயக்கி, ‘கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாகும். டாலியும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஃபார்மட் என்று சொல்லிவிட்டால் அவர்கள் ஃபார்மட்தான் போடுவார்கள்.

எல்லாம் சரியான பிறகு, பட்டறையின் புதுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஷேர் ஃபோல்டரை மறுபடி பின் செய்யாதீர்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டாக வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நாளில் அந்த ஷார்ட்கட் திறக்காது. மஞ்சள் ஃபோல்டர் திறக்கும்.